செல்லு யார் கையில்?



ஆக்டோபசுக்கு மூணு இதயமாம். ரத்தம் நீலமாம். மாரமங்கலத்திலிருந்து ஒரு தம்பி ராத்திரி பத்தரை மணிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். கூடவே ஒரு கேள்வி: "அண்ணா, நீல ரத்தம்னா அது ஒசந்த சாதியா?" குழுவிலிருந்த நாற்பது பேரும் சிரித்தோம். சிங்கப்பூரில் லாரி ஓட்டுகிற அண்ணன் மட்டும், "தொட்டா தீட்டான்னு அதுகிட்டயே கேட்டுச் சொல்லுடா" என்று குரல் அனுப்பினார்.

தலையங்கத்தை ஆக்டோபசிலா ஆரம்பிப்பது என்று நீங்கள் முறைக்கலாம். நியாயம்தான். இந்தப் பக்கத்தில் நாம் எழுதி வந்தது கொலை, கொளுத்தல், பொய் வழக்கு, பூட்டிய கோயில். இந்த முறையும் கொலைக்குத்தான் போகப் போகிறேன். போகிற வழி ஒரு செல்போன் வழியாக இருக்கிறது, அவ்வளவுதான்.

மாரமங்கலம் ஏற்காடு ஒன்றியத்தின் ஒன்பது ஊராட்சிகளில் ஒன்று. சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏற்காட்டையும் தாண்டிப் போகணும். வெளியூர்க்காரர்களுக்கு ஏற்காடு என்றால் ஏரி, படகு, மே மாத மலர்க் கண்காட்சி. காப்பிச் செடிக்கு நடுவில் இருக்கிற லைன் வீடுகளை எந்த டூரிஸ்டும் போட்டோ எடுத்ததில்லை. நான் அங்கே முதலில் போனது கவிஞனாக இல்லை, பேங்க் குமாஸ்தாவாக. கணக்குத் தொடங்கும் முகாம். கைநாட்டு வைக்க வந்த ஒரு ஆயாவின் விரலில் ரேகையே விழவில்லை. காப்பிப் பழம் பறித்துப் பறித்துத் தேய்ந்து போயிருந்தது. மெஷின் மூணு தடவை "மீண்டும் முயற்சிக்கவும்" என்றது. "சாமி, நானு இருக்கேனா இல்லையான்னு அந்தப் பொட்டியக் கேட்டுச் சொல்லு" என்றார் ஆயா. அன்றைக்கு உதவிக்கு நின்ற பையன்கள்தான் பிறகு என்னைத் தங்கள் குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். முதலில் "சார்" என்றார்கள். என் சேரியின் பேரைச் சொன்ன பிறகு "அண்ணா" ஆனேன்.

குழுவில் லைன் வீட்டுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். மலையாளிப் பழங்குடிப் பையன்கள் நாலைந்து பேர், திருப்பூர் கம்பெனிக்குப் போன ரெண்டு பேர், சேலத்தில் படிக்கிற மூன்று மாணவிகள், அப்புறம் அந்த சிங்கப்பூர் அண்ணன். வீட்டுக்குள்ளே சிக்னல் நிக்காது. சாயங்காலம் பாறைமேல் ஏறி உட்கார்ந்து அன்றைய உலகத்தை இறக்கிக்கொண்டு வருவார்கள். எரிமலை வெடித்தது, எங்கேயோ ரெண்டு தலை ஆட்டுக்குட்டி பிறந்தது, புது செல்லுக்கு என்ன விலை, காசாவில் குண்டு விழுந்த ஆஸ்பத்திரி, காட்டெருமை ரோட்டில் நிற்கிறது பார்த்து வாங்க. எல்லாம் ஒரே வரிசையில் வரும். பத்திரிகைக்காரன் வைக்கிற முதல் பக்கம், ஏழாம் பக்கம் என்கிற வர்ணாசிரமம் இங்கே கிடையாது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

2023 ஆகஸ்ட் 23, சந்திரயான்–3 நிலாவில் இறங்கின அன்றைக்கு ஒரு மாணவி எழுதினாள்: நிலாவில் இருக்கிற மாதிரி மண்ணு நமக்குப் பக்கத்திலேயே, நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் கிடைக்குது. அனார்த்தோசைட் என்கிற பாறை. அதைப் பொடித்துக் கொட்டி அதன்மேல்தான் இஸ்ரோ தன் வண்டியைப் பழக்கியது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்து நிலவியல் துறைக்காரர்களும் இதில் உதவினார்கள். அத்தனையும் உண்மை. குழு கொண்டாடியது. நம்ம மண்ணு நிலாவுக்குச் சமானம்!

கொஞ்ச நேரம் கழித்து ஒருவன் கேட்டான்: "நாமக்கல் மாவட்டம்னா, கோகுல்ராஜ் அண்ணனைக் கொன்ன பக்கம்தானே?"

அதற்குப் பிறகு அன்றைக்குக் குழுவில் யாரும் எதுவும் போடவில்லை.

கோகுல்ராஜ் நம்ம சேலம் மாவட்டம் ஓமலூர்ப் பிள்ளை. பொறியியல் படித்தவன். 21 வயசு. 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில், கூடப் படித்த கவுண்டர் சாதிப் பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தான். மறுநாள் பள்ளிபாளையம் பக்கம் ரயில் தண்டவாளத்தில் தலை வேறு உடல் வேறாகக் கிடந்தான். தற்கொலை என்று காட்டுவதற்காக அவனைக் கட்டாயப்படுத்திக் கடிதம் எழுத வைத்தார்கள், செல்போன் முன்னால் பேச வைத்தார்கள் என்பது அரசுத் தரப்பு வழக்கு. சாகப் போகிறவன் வாயாலேயே பொய் சொல்ல வைத்துப் பதிவு செய்வது! இந்தக் கருவியின் முதல் பயனே அவர்களுக்கு இதுவாகத்தான் இருந்தது.

ரெண்டாவது பயன் அதைவிடக் கேவலம். தேடப்பட்ட யுவராஜ், தீரன் சின்னமலை கவுண்டர் பேரவையின் தலைவர், நூறு நாளுக்கு மேல் போலீஸ் கையில் அகப்படவில்லை. ஆனால் அவர் குரல் மட்டும் தமிழ்நாடு பூராவும் சுற்றியது. வாட்ஸ்அப்பில் ஒலிப்பதிவு மேல் ஒலிப்பதிவு. ஆளைக் காணோம், பேச்சு வீட்டுக்கு வீடு கேட்குது. 2015 அக்டோபர் 11 அன்று அவராக நாமக்கல் சிபிசிஐடி அலுவலகத்துக்கு வந்து சரணடைந்தார்.

அந்தக் குரல் என் செல்லுக்கு எப்படி வந்தது தெரியுமா? எங்கள் கிளைக்காரர்கள் குழு வழியாக. (எந்த வங்கி, எந்தக் கிளை என்று சொல்லப் போவதில்லை. எல்லாக் கிளையிலும் இந்தக் குழு உண்டு.) காலையில் தாமரைப்பூவும் வணக்கமும். பிறகு, பழங்காலத்திலேயே நம்மிடம் விமானம் இருந்தது என்றொரு அதிசயம். மத்தியானம் இடஒதுக்கீட்டைப் பற்றி ஒரு ஜோக்கு. சாயங்காலம் தங்கம் விலை. நடுவில் ஒரு நாள் இந்த ஒலிப்பதிவு. கீழே ஒரு கும்பிடு, ரெண்டு கட்டைவிரல். பக்கத்துக் கவுண்டரில் உட்கார்ந்து என்னோடு டிபன் பாக்ஸைப் பகிர்ந்துகொள்கிற மனுசனின் கட்டைவிரல் அதில் ஒன்று. நான் ஒன்றும் சொல்லவில்லை. ஏழு வருசம் ஒன்றும் சொல்லவில்லை. 2022 மார்ச் 8 அன்று மதுரை தனி நீதிமன்றம் யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தபோது, அந்தச் செய்தியை அதே குழுவில் போட்டேன். என் கருத்து ஒரு சொல் இல்லை, வெறும் செய்தி. அஞ்சு நிமிசத்தில் குழுவை நடத்துகிறவர் தனியாக எழுதினார்: "தம்பி, ஆபீஸ் குரூப்ல அரசியல் வேண்டாமே." கொலைகாரன் குரல் வந்தபோது அது அரசியலாகவில்லை. தீர்ப்பு வந்தபோது ஆகிவிட்டது.

ஊருக்கு ஒரு தெரு, சேரிக்கு ஒரு தெரு என்று பிரித்தவனுக்குக் குழு பிரிக்கத் தெரியாதா என்ன? ஊர்க் குழு பொது. சேரிக் குழு சாதி. ஊர்க்காரன் அனுப்புவது தகவல். நாம் அனுப்புவது பிரச்சினை.

அதே கோகுல்ராஜ் வழக்கில்தான் இந்தக் கதையின் இன்னொரு பாதி இருக்கிறது. முக்கிய சாட்சி பிறழ்ந்தார். அந்தப் பெண்ணை நான் குறை சொல்லமாட்டேன். அவர் திரும்பிப் போகவேண்டிய வீடு எந்த ஊரில் இருக்கிறது என்று நமக்குத் தெரியும். மனுசர் பேசாத இடத்தில் பேசியது கோயிலில் மாட்டியிருந்த கேமரா. உண்டியல் திருடனைப் பிடிக்க வைத்த கேமராவாகத்தான் இருக்கும். அது, அன்றைக்கு உள்ளே யார் வந்தார்கள், யாரைக் கூட்டிக்கொண்டு வெளியே போனார்கள் என்பதைச் சாதி பார்க்காமல் பதிந்து வைத்தது. வழக்கை நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்றப் போராடினார் கோகுல்ராஜின் தாய். மேல்முறையீட்டில் உயர்நீதிமன்ற நீதிபதிகள் அந்தக் கோயிலுக்கே நேரில் போய்ப் பார்த்தார்கள். யுவராஜின் ஆயுள் தண்டனை 2023 ஜூன் 2இல் உறுதியானது.

அப்போ கேமரா நம்ம ஆளு என்று முடித்துவிடலாமா? வேங்கைவயலுக்கு வாங்க.

2022 டிசம்பர். புதுக்கோட்டை மாவட்டம். நம்ம மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம். பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்த பிறகுதான் மேலே ஏறிப் பார்த்தார்கள். ரெண்டு வருசம் விசாரணை, மரபணுச் சோதனை. 2025 ஜனவரியில் சிபிசிஐடி குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது, அதே ஊர்த் தலித் இளைஞர்கள் மூவர் மேல்! செல்போன்களிலிருந்து எடுத்தவை என்று சொல்லப்பட்ட படங்களும் பேச்சும் உடனே ஊரெல்லாம் சுற்றின. கோர்ட்டுக்குப் போக வேண்டியது வாட்ஸ்அப்புக்கு எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் கிளைக் குழுவிலும் வந்தது. அன்றைக்கு "அரசியல் வேண்டாம்" என்று யாரும் எழுதவில்லை. அந்த ஊர் மக்கள் குற்றப்பத்திரிகையை ஏற்கவில்லை, சிபிஐ விசாரணை கேட்டார்கள். நான் சொல்ல வருவது இதுதான். ஒரே கருவி. திருச்செங்கோட்டில் பதிவு கோர்ட்டு வழியாக வந்தது, சாட்சியானது. வேங்கைவயலில் பதிவு போலீஸ் வழியாகக் கசிந்தது, விசாரணை தொடங்கும் முன்னாலேயே தீர்ப்பானது.

அமெரிக்காவில் ஒரு பதினேழு வயசுப் பெண் இருந்தாள். டார்னெல்லா ஃப்ரேசியர், கறுப்பினப் பிள்ளை. 2020 மே 25 அன்று மினியாபொலிஸ் நகரில் ஒன்பது வயசு உறவுக்காரச் சிறுமியோடு தின்பண்டம் வாங்கக் கடைக்குப் போனவள். போலீஸ்காரன் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் முழங்காலை வைத்து அழுத்துவதைப் பார்த்துச் செல்லைத் தூக்கிப் பிடித்தாள், கையை இறக்கவில்லை. போலீசின் முதல் அறிக்கை என்ன சொன்னது தெரியுமா? ஏதோ உடல்நலக் கோளாறில் ஆள் செத்துப்போனான் என்று. அவள் வீடியோ இல்லையென்றால் அதுதான் வரலாறு. 2021 ஏப்ரலில் அந்தப் போலீஸ்காரன் குற்றவாளி என்று தீர்ப்பானது. அந்த வருசம் புலிட்சர் குழு அவளுக்குச் சிறப்புப் பாராட்டு கொடுத்தது. மாரமங்கலம் குழுவில் இந்தக் கதையை நான் போட்டபோது ஒரு மாணவி கேட்டாள்: "அவ கையில செல்லு இருந்துச்சு ணா. எங்க வீட்ல இருக்கறது ஒண்ணு, அது அப்பா பாக்கெட்ல இருக்கு."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. தேசியக் குடும்பநல ஆய்வின் 2019–21 கணக்குப்படி, இந்தியாவில் தானே பயன்படுத்துகிற செல்போன் வைத்திருக்கும் பெண்கள் 54 சதவீதம்தான். நம்ம வீட்டு ஆம்பளைகளும் இந்தக் கணக்கில் குற்றவாளிகள். சேரிக்குள்ளே ஒரு சேரி. தோழர்கள் இதையும் படிக்கணும்.

என் குற்றம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2018இல் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று ஒரு எச்சரிக்கை சுற்றியது ஞாபகம் இருக்கும். எனக்கும் வந்தது. அக்கா வீட்டுக் குழந்தைகளை நினைத்துக்கொண்டு, ஒரு நிமிசம் யோசிக்காமல் மூன்று குழுவுக்குத் தள்ளிவிட்டேன். அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்கு வந்து வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த ஒரு வயசான அம்மாவை ஊரே கூடி அடித்துக் கொன்றது. என் விரல் அனுப்பியது அங்கே போயிருக்காது என்றுதான் நினைக்கிறேன். நினைக்கத்தான் முடியும். அந்த ஜூலையில் வாட்ஸ்அப் கம்பெனி இந்தியாவில் ஒரே நேரத்தில் அஞ்சு இடத்துக்கு மேல் ஒரு சேதியைத் தள்ளமுடியாதபடி வைத்தது. வதந்திக்கு மூக்கணாங்கயிறு கம்பெனிக்காரன் போட வேண்டியிருந்தது. கவிதை எழுதுகிற, பட்டம் வாங்கின, சாதி ஒழிப்பு பேசுகிற நான் போட்டுக்கொள்ளவில்லை.

சேதியை நாமே வைத்துக்கொள்ளணும் என்பது செல்லோடு வந்த ஆசை இல்லை. 1907 ஜூன் 19 அன்று ராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் ஒரு பைசாத் தமிழனைக் கொண்டுவந்தார். மறு வருசமே வெறும் தமிழன் ஆனது. அதில் பௌத்தம் மட்டும்தான் இருந்தது என்று நினைப்பவர்கள் புரட்டிப் பார்க்கணும். அரசியல் உண்டு, வைத்தியம் உண்டு, இலக்கியம் உண்டு, உலகச் செய்தி உண்டு, வாசகர் கேள்விக்குப் பதிலும் உண்டு. கோலார் தங்கவயல் சுரங்கத்திலும் பர்மாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் இருந்த நம்ம ஆளுக அதைப் படித்தார்கள். கம்பியும் இல்லை, கோபுரமும் இல்லை, கப்பலில் போச்சு. ஆனாலும் அது ஒரு குழு. 1920இல் அம்பேத்கர் மூக்நாயக் தொடங்கியபோது, காசு கொடுக்கிறோம் ஒரு விளம்பரம் போடுங்கள் என்று கேட்டும் கேசரி பத்திரிகை போடவில்லை. என் கிளைக் குழுவை நடத்துகிறவருக்கு இந்தக் கதை தெரிந்திருக்க நியாயமில்லை. கேசரிக்காரன் செய்ததை அவர் தானாகவே செய்தார்.

இந்த வருசங்களில் மாரமங்கலத்துக்கு வந்த உலகச் சேதிகளில் ரொம்பக் கனமானது காப்பி விலை. 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அரபிக்கா காப்பி பவுண்டுக்கு நாலு டாலரைத் தாண்டியது. அதுவரை பார்க்காத உச்சம். பிரேசிலில் வறட்சி, அதனால் ஏறிச்சு. சேர்வராயனில் விளைவதும் அரபிக்காதான். படத்தைப் போட்டது சிங்கப்பூர் அண்ணன். கீழே லைன் வீட்டு அக்கா ஒருத்தர் குரல் அனுப்பினார். அவருக்கு எழுதத் தெரியாது, மகன் செல்லில் பேசியிருந்தார்: "ஏன் சாமி, அங்க ஏறுனது இங்க எங்க கூலியில ஏறலியே, வழியில எந்த வளைவுல நின்னுபோச்சு?"

அந்தக் குரலை நான் அழிக்கவில்லை. இருபது வளைவில் எந்த வளைவு என்று நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். மறுநாள் அந்தக் குரல் எஸ்டேட் மேஸ்திரி காதுக்குப் போய்விட்டது. குழுவில் இருந்த யாரோ தள்ளிவிட்டிருக்கிறார்கள். அக்காவுக்கு ஒரு வாரம் வேலை இல்லை. எந்த எஸ்டேட் என்று எழுதினால் மறுபடியும் அவர் வயிற்றில்தான் அடி விழும்.

கூலி கேட்ட எஸ்டேட்காரர்களுக்கு இந்த நாட்டில் என்ன கிடைக்கும் என்று நமக்குத் தெரியும். 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம். தாமிரபரணியில் 17 பிணம், அதில் ஒரு கைக்குழந்தை. அன்றைக்கும் கேமரா இருந்தது. ஆர்.ஆர். சீனிவாசன் எடுத்த 'ஒரு நதியின் மரணம்' படத்தில் லத்தி தெரியும், தண்ணீர் தெரியும். படம் இருந்தது. தண்டனை இல்லை.

ஆகவே பதிவு செய்யும்போதே கோர்ட்டு வரைக்கும் யோசிக்கணும். கொஞ்சம் தொழில்நுட்பம் பேசுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எடுத்த வீடியோவை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருங்கி, எப்போது எங்கே எடுத்தது என்கிற உள்விவரம் கழன்று, வேறொரு கோப்பாகத்தான் போய்ச் சேருகிறது. பத்துக் கை மாறின வீடியோவை வைத்துக்கொண்டு ஸ்டேஷனில் நின்றால் ஏட்டுகூடச் சிரிப்பார். எடுத்த செல்லில் இருக்கிற மூலத்தை அழிக்கக் கூடாது. அனுப்பித்தான் ஆகணும் என்றால் ஆவணமாக இணைத்து அனுப்பணும், அப்போதுதான் அப்படியே போகும். 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய சாக்ஷ்ய அதிநியம் வந்திருக்கிறது. பழைய 65பி இப்போது 63ஆம் பிரிவு. அதில் கொடுக்க வேண்டிய சான்றிதழில் கோப்பின் ஹேஷ் எண்ணையும் குறிக்கணும். ஹேஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி ஒரு நீண்ட எண்ணெழுத்து வரிசை. வீடியோவில் ஒரு புள்ளியை மாற்றினாலும் வரிசை முழுக்க மாறிப்போகும். செல்லிலேயே இலவசமாகக் கணக்கிடலாம். தேய்ந்துபோன ஆயா விரலுக்கு ரேகை கேட்ட உலகத்தில் கோப்புக்கும் ரேகை கேட்கிறான், கொடுத்துவிடுவோம். ஒன்று மட்டும். குழந்தைகள், பாதிக்கப்பட்ட பெண்கள், செத்துக்கிடப்பவர்கள் முகம் தெரிகிற படத்தைக் குழுவில் போடாதீர்கள். அது வக்கீலுக்குப் போகட்டும்.

மாரமங்கலத்தில் வரும் மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்துகாட்ட உட்காருகிறோம். சேலம் வக்கீல் தோழர் ஒருவர் வருகிறார். மூணு மாணவிகளும் சொல்லிக்கொடுப்பார்கள், எனக்கே அவர்கள்தான் சொல்லிக்கொடுத்தார்கள். திரை உடைஞ்சு மூலையில் கிடக்கிற பழைய செல்லு இருந்தால் எடுத்துக்கிட்டு வாங்க. லைன் வீட்டுப் பெண்களுக்குக் கொடுக்கப் பதினோரு செல்லு வேணும், இதுவரை நாலு சேர்ந்திருக்கு. காலை முதல் பஸ்ஸைப் பிடிச்சிடுங்க. வெயில் ஏறினப்புறம் பாறைமேல உட்கார முடியாது.